உங்கள் ஊர்த் தமுக்கு

சகலை,

இன்று காலை மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி வரும்போது கடையில் ஒரு வீசை புளி வாங்கினேன். ஒரு காலத்தில் வண்டி வண்டியாகப் புளி ஏற்றி அனுப்பியவன் இன்று கடை வாசலில் நின்று பேரம் பேசுகிறான். நீ பார்த்திருந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். சிரி. எனக்கு அது வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்ததும் உன் கொழுந்தியாள் புளியைப் பானைக்கு மாற்றிவிட்டு, சுற்றி வந்த செய்தித்தாளை வெயிலில் போட்டாள். புதுப் புளியின் வாசனை வாசல் முழுக்க நின்றது. பிசுக்கு ஒட்டிய அந்தத் தாளைச் சும்மா எடுத்துப் பார்த்தேன். டில்லியில் நாட்டுக்குச் சட்டம் எழுதுகிறார்கள் அல்லவா, அவர்கள் வரிப் பங்கைப் பற்றிப் பேசிய செய்தி. மத்தியில் இருப்பவர்களுக்கு எது, மாகாணங்களுக்கு எது, பொதுவில் சேர்வதை எப்படிப் பிரிப்பது என்று பேச்சு. எங்களிடம் வசூலாவது எங்களுக்கே வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. எங்களிடம் வசூலாக என்ன இருக்கிறது, பொதுவிலிருந்து கொடுத்தால்தான் நாங்கள் நிற்போம் என்கிறது இன்னொரு தரப்பு.

படித்துக்கொண்டே வந்தவன் அந்த இடத்தை மறுபடி படித்தேன். முதல் குரல் என்னுடையது. இரண்டாவது உன்னுடையது. ஆறு வருஷத்துக்கு முன்னால் முனியப்பன் கோயில் முன்னால் நாம் பேசியதை யாரோ டில்லிக்குக் கொண்டுபோய் அச்சடித்துவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. அதனால் உனக்கு எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையேதான் எழுதப்போகிறேன். யாரிடமாவது முழுதாகச் சொல்ல வேண்டும், உன்னை விட்டால் எனக்கு ஆளில்லை.

ஐந்து ஊருக்கு ஓர் ஏரி. சித்தேரி மலையிலிருந்து இறங்கும் ஓடைதான் அதற்கு வரத்து. எங்கள் ஊர் பெரிது. கரையில் எங்கள் பாகத்தில்தான் புளியமரம் அதிகம், பாட்டன்மார் வைத்தது. உங்கள் கரட்டுப்பட்டி சின்ன ஊர். உங்கள் பாகம் கரை வளைகிற மூலை. கல்லும் சரளையுமான அந்த மண்ணில் ஒரு மரமும் நிற்காது. ஆனால் ஓடைத் தண்ணீர் நேராக வந்து இடிப்பது அங்கேதான். இதையெல்லாம் யோசித்துத்தானோ என்னவோ, நம் முன்னோர் ஒரு முறை வைத்திருந்தார்கள். மாசி, பங்குனியில் கரைப்புளி அத்தனையும் உலுக்கி முனியப்பன் கோயில் முன்னால் ஒரே அம்பாரமாகக் கொட்டுவது. எந்த மரத்துப் பழம் என்று யாரும் கேட்கக் கூடாது. அதில் மூன்றில் ஒரு பங்கு கரைக்கு. அதை விற்றுத்தான் கல் வாங்குவது, கூடை வாங்குவது, கரைவேலைக்கு வருகிற எல்லா ஊர் ஆட்களுக்கும் மத்தியானக் களி கிண்டிப் போடுவது. மிச்சத்தை ஐந்து கூறு போட வேண்டும். கூறு போடுவது எங்கள் ஊர். முதலில் எடுப்பது கரட்டுப்பட்டி. கடைசிக் கூறுதான் எங்களுக்கு.

கடைசியில் எடுக்க வேண்டியிருந்ததால் எங்கள் ஆட்கள் ஒரு பழம் கூடக் குறையாமல் கூறு போடுவார்கள். நீ இருக்கிறாயே, ஐந்து கூறையும் பெண் பார்க்க வந்தவனைப் போலச் சுற்றிச் சுற்றி வருவாய். குனிந்து முகர்ந்து பார்ப்பாய். "இது கொஞ்சம் கறுப்பு, ஆனா கொணம் நல்லா இருக்கும்" என்பாய். ஐந்து ஊரும் சிரிக்கும். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

இன்னொரு முறையும் இருந்தது. ஏரித் தமுக்கு. ஒவ்வொரு ஊரிலும் ஒன்று. கரையில் எங்கே ஆபத்தென்றாலும் அந்த ஊர்த் தமுக்கை விடாமல் அடிப்பார்கள். எந்த ஊர்த் தமுக்கு கேட்டாலும் ஐந்து ஊரும் ஓட வேண்டும். சோற்றில் கை வைத்தவன் கையைக் கழுவாமல் எழுந்திருக்க வேண்டும் என்பது கட்டு.

என் கல்யாணத்தை நினைத்துப் பார்க்கிறேன். முப்பதுகளின் நடுவில், ஐப்பசி மாத மழைக்கு நடுவே நடந்தது. பந்தியில் நீ எனக்குப் பக்கத்து இலை. பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளியாக இருந்தவன், அக்காளைக் கட்டிய உரிமையில் அன்றைக்குத்தான் சகலை ஆகியிருந்தாய். "அக்கா எனக்கு, தங்கச்சி உனக்கு. கூறு போட்டது மாமனாரு. மொதக் கூறு நான் எடுத்துட்டேன், மிச்சம்தான் உனக்கு" என்று காதில் சொல்லிக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தாய். அப்போது எங்கள் ஊர்த் தமுக்கு அடித்தது. எங்கள் பாகத்தில்தான் கசிவு. நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாய். சோற்றுக் கையோடு மாப்பிள்ளை ஓட, பின்னால் பந்தி மொத்தமும் ஓடியது. நாம் போய்ச் சேருவதற்குள் உங்கள் ஊர்க்காரர்கள் அங்கே கூடையும் கையுமாக நின்றார்கள். எங்களைவிடத் தூரத்து ஊர், ஆனால் முதலில் வந்தது அவர்கள்தான். அந்தப் பட்டு வேட்டியில் ஏறின சேறு கடைசி வரைக்கும் போகவில்லை.

பிறகு நம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடினார்கள். நாமும் சந்தோஷப்பட்டோம், நீ கோயிலில் பொங்கல் கூட வைத்தாய். அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ ஏரி பார்க்க வந்த ஓவர்சியர் குடையை மடக்கி வைத்துவிட்டு, மராமத்துக்கு மேலேயிருந்து இந்த முறை ஒன்றும் வராது என்றார். "கள்ளு வரும்படி போச்சிங்க. மேல கையைச் சுருக்கறாங்க. நீங்களே பாத்துக்கங்க" என்றார். அவர் போன பிறகு நீ சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "பாத்தியா சகலை, அவங்களுக்கு நாம அஞ்சு ஊருமே கரட்டுப்பட்டிதான்." நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டேன். மேலே இருப்பவர்கள் நமக்குச் செய்ததை நான் உனக்குச் செய்வேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன்.

உலகச் சண்டை வந்தது. புளி விலை ஏறியது. பட்டாளத்துக்குப் போகிறது என்றார்கள், எங்கே போனால் எனக்கென்ன, சேலத்து மண்டிக்காரர் வீடு தேடி வந்தார். எங்கள் ஊர்க் கரைப்புளி முழுவதையும் பங்குத் தகராறு இல்லாமல் கொடுத்தால் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்றார். எனக்குத் தரகும் உண்டு. உன்னிடம் மறைக்க இனி என்ன இருக்கிறது. தரகு ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வருஷா வருஷம் எல்லோரும் எடுத்த பிறகு கடைசிக் கூறை அள்ளிக்கொண்டு போவது எனக்கு அவமானமாக இருந்தது. அத்தனை மரம் வைத்திருப்பவன் ஏன் கடைசியில் எடுக்க வேண்டும் என்று மனசுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அந்த மாசி மாதக் கூட்டத்தில் நான்தான் எழுந்தேன். "நம்ம பாட்டன் வெச்ச மரம். நாம ஒலுக்கி, நாம சொமந்து, நாம கூறு போட்டு, கடைசியில மிச்சத்தை நாம எடுக்கறதா? இனிமே அவங்கவங்க கரை, அவங்கவங்க மரம், அவங்கவங்க பாடு" என்றேன். எங்கள் ஊர் இளவட்டங்கள் கை தட்டினார்கள். மரம் நிறைய வைத்திருந்த இரண்டு ஊர்கள் வாயைத் திறக்கவில்லை. நாலாவது ஊர் உன்னைப் பார்த்தது.

நீ மெதுவாக எழுந்தாய். கூட்டத்தில் பேசும்போது எனக்கும் மரியாதை கொடுத்துத்தான் பேசுவாய். "கரை ஒண்ணாச்சிங்களே, அதை எப்பிடி அஞ்சா அறுக்கறது?" என்று கேட்டாய்.

"மூலை உங்களுது. அதை நீங்க பாத்துக்கங்க. எங்க கரையை நாங்க பாத்துக்கறோம்."

"சரிங்க, மூலை எங்களுதுதான். மூலைக்குக் கீழ இருக்கற நெலம் யாருதுங்க?"

மூலைக்குக் கீழே சரிவில் இருப்பது அத்தனையும் எங்கள் ஊர் நஞ்சை. அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த மூலை பாட்டன் காலத்திலிருந்து இடிபட்டுக்கொண்டே நிற்கிறது, இனியும் நிற்கும் என்றிருந்தோம். ஒருவன் சிரித்தான். யார் சிரித்தது என்று பிற்பாடு பல பேர் பல விதமாகச் சொன்னார்கள். நான்தான் சகலை.

அந்த வருஷம் அம்பாரம் இல்லை. கரைப்பங்கு என்று எதையும் எடுத்து வைக்கவில்லை. எங்கள் பாகத்தை நாங்கள் பிரமாதமாகச் செய்தோம். கல் அடுக்கி, களிமண் பூசி, மேலே அருகம்புல் பதித்து, வருகிறவன் போகிறவனையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். உங்கள் பாகத்தில் களி கிண்ட வழியில்லை. களியில்லாமல் கூலிக்காரன் எத்தனை நாள் மண் சுமப்பான்? உங்கள் ஊர் ஆட்கள் மைசூர்ச் சீமைச் சுரங்கத்துக்கும் ரோட்டு வேலைக்கும் ஒவ்வொருவராகப் போனார்கள். வீடுகள் பூட்டிக் கிடந்தன. நீயும் ஏழெட்டுக் கிழவர்களுமாக மூலையில் கூடை தூக்கியதை எங்கள் கரையிலிருந்து பார்த்தேன். "எங்க சகலை நல்லா ஒடம்பை வளைக்கிறான்" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னேன். அதையும் நான்தான் சொன்னேன்.

ஆடியில் வந்தாய். "பத்து ஆளு, பத்து நாளுக்குக் களி. அவ்வளவுதான் சகலை. புளி வேணாம், பங்கு வேணாம்" என்றாய். ஊரில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை. கேட்டால் நான் போட்ட ஏற்பாடு தப்பென்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். உனக்குப் பத்து ஆள் கொடுக்காததற்கு இதைத் தவிர வேறு காரணம் இல்லை. எத்தனையோ முறை தேடிப் பார்த்துவிட்டேன்.

புரட்டாசியில் மறுபடி வந்தாய். இந்த முறை கையில் ஒரு தேக்கிலைப் பொட்டலம். என் வீட்டுக்குள் வந்து அதைத் தரையில் வைத்துப் பிரித்தாய். ஒரு கை ஈர மண். "நாலு நாளா வெயில் காயுதுங்க. மூலையில வெளிப்பக்கம் இந்த மண்ணு மட்டும் காயலைங்க" என்றாய். வீட்டுக்குள் நீ என்னை 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. இருந்தும் வீம்பு விடவில்லை.

"நண்டு வளையா இருக்கும்" என்றேன்.

"வளைதாங்க. எத்தினி வளைன்னுதான் தெரியல."

உன் கொழுந்தியாள் கொண்டுவந்த மோரை நீ தொடவில்லை. அவளிடம் மட்டும் "வரேன்மா" என்று சொல்லிவிட்டுப் போனாய். அந்த மண்ணை அவள் கொட்டவில்லை. இலையோடு எடுத்து ஜன்னல் மேல் வைத்தாள். நாலைந்து நாளில் அது வெளுத்துக் காய்ந்து வெடித்தது. "பாத்தியா, காஞ்சிடுச்சு" என்று அவளிடம் வெற்றியோடு காட்டினேன். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது முறை நீ வரவில்லை. தமுக்குதான் வந்தது.

ஐப்பசியில் மலையில் நாலு நாள் விடாமல் பெய்து ஐந்தாம் நாள் நின்றது. நல்ல வெயில். ஏரி ததும்பி நின்றது, எங்கள் கரையில் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி பயமில்லை என்று நான் உச்சி வேளையில் சாப்பிட உட்கார்ந்தேன். சோற்றைப் பிசையும்போது கேட்டது. உங்கள் ஊர்த் தமுக்கு, விடாமல், மூச்சு வாங்காமல்.

உன் கொழுந்தியாள் வாசலுக்கு ஓடிவந்தாள். "ஏங்க, ஏரித் தமுக்குங்க!"

"அது உங்கக்கா ஊருத் தமுக்கு. அவங்க கரைக்கு அவங்க அடிச்சிக்கறாங்க. மோரை ஊத்து."

தெருவில் நாலைந்து பேர் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். பழைய ஆட்கள், கால் தானாகக் கிளம்பியிருக்கிறது. ஏற்பாட்டை மாற்றியவன் நான் என்பதால் என் வாசலில் வந்து நின்றார்கள். "போலாங்களா?" என்று ஒருவர் கேட்டார். அவர் குரலில் கெஞ்சல் இருந்தது.

"இருங்க, சாப்ட்டு வந்துடறேன். பாத்துக்கிட்டுப் போலாம்" என்றேன்.

அவர்கள் இருந்தார்கள். பெரிய ஊர்க்காரர்கள், கட்டுப்பாடானவர்கள், இருங்க என்றால் இருப்பார்கள். நான் மோர்ச் சோற்றை முடித்தேன். எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் எடுத்துக் கையைக் கழுவினேன். கழுவிக்கொண்டிருக்கும்போது தமுக்கு நின்றது.

"நின்னுடுச்சி பாரு. அடைச்சிட்டாங்க" என்றேன் சகலை. அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் மோர்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினாள். அப்புறம் தரையடியில் பாரவண்டி உருளுகிற மாதிரி ஒரு சத்தம் மூலைப் பக்கத்திலிருந்து எழுந்தது.

உடைந்தது உங்கள் பாகம். போனது எங்கள் நஞ்சை, கதிர் வாங்கின பயிர் முழுவதும். உங்கள் ஊர் கரட்டின் மேல் இருந்ததால் ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் போகவில்லை. நீ மட்டும் அந்த உடைப்பில் முள்ளும் கல்லும் தள்ளிக்கொண்டு நின்றிருக்கிறாய். கடைசி வரைக்கும் எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று தமுக்கு அடித்த பெரியவர் சொன்னார். "வருவாங்க, வருவாங்க, அடி, நிறுத்தாதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாயாம். மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்ததும் உன்னை எடுத்தோம். எங்கள் வயலில், என்னுடைய வயலில்தான், மணலுக்கு அடியில் இருந்தாய்.

பதினாறு முடிந்த பிறகு ஒரு வண்டி நிறையப் புளியோடு உன் வீட்டுக்குப் போனேன். என் பங்கு, தரகில் வந்தது, எல்லாம் அதில் இருந்தது. உன் மனைவி வாசலை விட்டு இறங்கவில்லை. "புளியை எறக்காதீங்க தம்பி. அவுரு உங்களைப் புளியா கேட்டாரு? ஆளுதானே கேட்டாரு" என்றார். வண்டியைத் திருப்பினேன். அதோடு வியாபாரத்தையும் விட்டேன்.

ஆறு வருஷமாக உடைப்பு அப்படியே கிடக்கிறது. ஐந்து ஊரும் சேர்ந்து வந்தால் மேலே எழுதலாம் என்கிறார்கள். ஐந்து ஊரும் ஓரிடத்தில் உட்காருவதில்லை. உங்கள் ஊரில் எங்களுக்குப் பெண் கொடுப்பதில்லை. மற்ற மூன்று ஊருக்குள்ளும் இப்போது பேச்சில்லை, ஒவ்வொன்றும் தன் மரத்துக்குக் காவல் போட்டிருக்கிறது. நாங்கள் பூசிய கரை மட்டும் ஒரு விரிசல் இல்லாமல் நிற்கிறது. அதற்குப் பின்னால் தண்ணீர்தான் இல்லை, கருவேலம் முளைத்துக் கிடக்கிறது.

டில்லியில் இருப்பவர்கள் படித்தவர்கள். நம்மைப் போல முட்டாள்தனம் பண்ண மாட்டார்கள் என்று காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பயமாக இருக்கிறது. அவர்களுடைய ஏரி பெரிது, கரை நீளம், மூலைகள் அதிகம். மரமுள்ளவன் ஒருநாள் எழுந்து என் மரம் எனக்கு என்பான். மரமில்லாதவன் ஆள் இல்லாமல் மூலையில் நிற்பான். அவனுடைய ஈர மண்ணை அவ்வளவு தூரம் இலையில் மடித்துக் கொண்டுபோய் யார் முன்னால் வைப்பது? வைத்தாலும், அதைப் பார்க்கிறவன் நண்டு வளை என்று சொல்லாமல் இருப்பானா?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சாப்பிடக் கூப்பிட்டாள். உட்கார்ந்து இரண்டு கவளம் எடுத்திருப்பேன், தெருவில் தமுக்கு கேட்டது. எழுந்து ஓடினேன். தெருக்கோடியில் ரேஷன் அரிசி வந்திருப்பதாக அறிவித்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு இது பழகிவிட்டது, இப்போதெல்லாம் யாரும் சிரிப்பதில்லை. எந்தத் தமுக்கானாலும், கல்யாணமானாலும் சந்தையானாலும், என் கால் நிற்பதில்லை சகலை. திரும்பி வந்து வாசலில் நின்றேன். உன் கொழுந்தியாள் செம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, காய்ந்துபோன சோற்றுக் கையோடு உட்கார்ந்து மிச்சத்தை எழுதி முடித்தேன். தாளில் அங்கங்கே பருக்கை ஒட்டியிருக்கிறது.